அதுவே இது: பொருளின் ஒருமையும் உரிமத்தின் அறமும்

ஒருவர் தமது கணினியின் தாய்ப்பலகை பழுதடைந்தமையால் அதனை அகற்றிப் புதியதொன்றைப் பொருத்துகின்றார். பெட்டி பழையது, திரை பழையது, விசைப்பலகையில் தேய்ந்துபோன எழுத்துகளும் பழையனவே. வன்தட்டில் அவர் எழுதிவைத்த கடிதங்களும் கணக்குகளும் அப்படியே இருக்கின்றன. வீட்டார் எவரைக் கேட்பினும் அஃது அவருடைய அதே கணினி என்றே கூறுவர். ஆயினும், இயக்கிய சிறிது நேரத்தில், சாதனத்தின் வன்பொருள் மாறிவிட்டதென்றும், விண்டோஸ் பணிசெயல் முறைமை இப்பொறியில் செயற்படுத்தப்படவில்லை என்றும் திரையில் அறிவித்தல் தோன்றுகின்றது. விலை கொடுத்துப் பெற்ற உரிமம் இக்கணினிக்கு உரியதன்று என்பதே அதன் பொருள்.

இதனைச் சிறியதோர் இடையூறு எனத் தள்ளிவிடலாம். எனினும் அவ்வறிவித்தலினுள்ளே ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கின்றது. நேற்றிருந்த பொருள் வேறு, இன்றிருக்கும் பொருள் வேறு என்பதே அத்தீர்ப்பு. ஒரு பொருள் எத்துணை மாற்றங்களுக்கு உட்பட்ட பின்னரும் அதுவாகவே நிலைக்கும் என்பது மெய்யியலின் தொன்மையான வினாக்களுள் ஒன்று. அவ்வினா ஏட்டினின்றும் இறங்கிவந்து ஒருவருடைய உரிமையைத் தீர்மானிக்கத் தொடங்கும்போது அறவியல் வினாவாகவும் ஆகிவிடுகின்றது. ‘இஃது அதுதானா?’ என்று கேட்பதோடு அமையாது, ‘அதனைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்குரியது?’ என்றும் கேட்க வேண்டியதாகின்றது.

முதலில் இந்நடைமுறை தோன்றிய காரணத்தை நடுநிலையுடன் நோக்குதல் வேண்டும். மென்பொருள் ஏனைய பண்டங்களினின்றும் வேறுபட்டது. ஒரு நாற்காலியை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்தால் கொடுத்தவரிடம் அது இராது. மென்பொருளைப் பிரதிசெய்து கொடுத்தாலோ இருவரிடமும் குறைவின்றி இருக்கும். ஒரு பிரதிக்கு விலை கொடுத்து நூறு பொறிகளில் நிறுவுவது, அதனை ஆக்கியோரின் உழைப்பை விலையின்றிக் கொள்வதாகும். இதனைத் தடுக்கும் நோக்குடன் மைக்ரோசொப்ட் நிறுவனம் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட விண்டோஸ் எக்ஸ்பியில் செயற்படுத்துகை என்னும் ஏற்பாட்டைப் புகுத்தியது. முறைமையை நிறுவியவர் முப்பது நாள்களுக்குள் இணையத்தின் வழியாகவோ தொலைபேசியின் வழியாகவோ அதனைப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவ்வேளையில் உரிம எண்ணானது அக்கணினியின் உறுப்புகளிலிருந்து கணிக்கப்பட்ட ஓர் அடையாளத்துடன் பிணைக்கப்பட்டது.

அவ்வடையாளம் ஏறத்தாழப் பத்துக் கூறுகளைக் கொண்டிருந்தது. மையச் செயலி, வரைவியல் அட்டை, வலையமைப்பு அட்டை, வன்தட்டு, நினைவகத்தின் அளவு, இறுவட்டு இயக்கி முதலியன அவற்றுட் சில. ஓர் உறுப்பு மாறியதும் உரிமம் அற்றுப்போவதில்லை. வலையமைப்பு அட்டை மாறாதிருப்பின், ஏனைய கூறுகளில் ஆறு மாறும்வரை மீண்டும் செயற்படுத்தத் தேவையில்லை. அவ்வட்டையும் மாறியிருப்பின், அல்லது தொடக்கத்திலேயே இல்லாதிருந்திருப்பின், நான்கு மாறினாலே போதும், மீண்டும் செயற்படுத்த வேண்டும். எந்த உறுப்பும் தனித்து நின்று கணினியின் ஒருமையைத் தாங்கவில்லை; பெரும்பான்மை வாக்கினால் ஒருமை முடிவுசெய்யப்பட்டது எனலாம். பயனர் காலத்துக்குக் காலம் உறுப்புகளைப் புதுப்பிப்பர் என்பதையும் அதனை வகுத்தோர் எண்ணிப் பார்த்திருந்தனர். முன்னைய செயற்படுத்துகையிலிருந்து 120 நாள்கள் கழிந்திருப்பின், மாற்றப்பட்ட பொறியையும் இணையத்தின் வழியே மீளச் செயற்படுத்திக்கொள்ள முடிந்தது.

ஆனால் அதே காலத்தில், அதே முறைமையில், மற்றோர் அளவுகோலும் வழக்கிலிருந்தது. பெரிய உற்பத்தியாளர்கள் முறைமையை முன்னரே நிறுவி விற்ற கணினிகளில் உரிமமானது தாய்ப்பலகையில் பதிந்துள்ள அடிப்படை நிரலோடு மட்டும் பிணைக்கப்பட்டிருந்தது. அப்பலகை அதே உற்பத்தியாளருடையதாக இருக்கும்வரை ஏனைய உறுப்புகள் யாவும் மாறினும் கணினி அதே கணினியே. ஒரே நிறுவனம், ஒரே மென்பொருள், ஒரே ஆண்டு. ஆயினும் ‘ஒரே கணினி’ என்பதற்கு இரு வேறு இலக்கணங்கள். உண்மையிலேயே கணினியின் ஒருமை பொருளின் இயல்பிற் பொதிந்து கிடப்பதொன்றாயின், அதற்கு ஈரிலக்கணம் இருத்தல் இயலாது. ஆகவே அவ்விலக்கணங்கள் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல, வகுக்கப்பட்டவை என்பது புலனாகும்.

இவ்விடத்துப் பழைய மெய்யியலாளர் கூற்றுகளை நினைவுகூர்தல் பொருத்தமாகும். தீசியஸ் என்பானின் முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் மக்கள் நெடுங்காலம் பேணி வந்தனர் எனவும், உளுத்த பலகைகளை அகற்றிப் புதியனவற்றைப் பொருத்தி வந்தமையால் அக்கப்பல் மெய்யியலாளரின் வாதத்துக்கு உதாரணமாயிற்று எனவும் புளூட்டாக் எழுதியுள்ளார். அது பழைய கப்பலே என்றனர் ஒரு சாரார். அன்று என்றனர் மறுசாரார். 1655ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் தோமஸ் ஹொப்ஸ் இவ்வினாவை மேலும் கூர்மையாக்கினார். அகற்றப்பட்ட பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அதே ஒழுங்கில் இரண்டாவது கப்பலொன்றைக் கட்டுவானாயின், அவ்விரண்டனுள் எது தீசியஸின் கப்பல் என்பதே அவர் எழுப்பிய ஐயம்.

உரிமம் வழங்கும் நிறுவனத்தின் அச்சம் ஹொப்ஸ் கண்ட இரண்டாம் கப்பலைப் பற்றியதே. ஒருவர் தமது கணினியின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் புதுப்பித்து, கழித்த உறுப்புகளைக் கொண்டு தம்பிக்கு இன்னொரு கணினியை அமைத்துக் கொடுக்கின்றார் என்க. இரண்டிலும் ஒரே உரிமத்தினால் முறைமை இயங்குமாயின் விற்றோருக்கு நட்டமேற்படும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டாம் கப்பல் கட்டப்படாதவிடத்து, கப்பலொன்றே உள்ளவிடத்து, அதன் பலகைகளை எண்ணிப் பார்ப்பதனால் எவருடைய உரிமை காக்கப்படுகின்றது என்பது ஆராயத்தக்கது.

மிலிந்த பஞ்ஹ என்னும் பாளி நூலில் நாகசேனர் என்னும் தேரர் கிரேக்க மன்னனான மிலிந்தனை நோக்கி, அவன் ஏறிவந்த தேர் யாது என வினவுகின்றார். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என அவர் கேட்கக் கேட்க, மன்னன் ஒவ்வொன்றையும் மறுக்கின்றான். உறுப்புகளின் கூட்டத்தைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்பது ஈற்றில் பெறப்படுகின்றது. தமிழ் மரபிலும் இதனையொத்த நுட்பம் காணப்படுகின்றது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியல், முதலும் சினையும் பொருளால் வேறுபட்டவை அல்ல என்றும், ஒன்றை முதலென்பதும் சினையென்பதும் சொல்லுவோன் குறிப்பைப் பொறுத்ததே என்றும் கூறுகின்றது. இலக்கண நூலார் சொல்வழக்கை விளக்கவே இதனைக் கூறினர். எனினும் முழுமை என்பது நோக்கத்தினின்றும் பிரித்தற்கரியது என்னும் உண்மை அதில் தெளிவாகவே உள்ளது. டேவிட் ஹியூமும் 1739ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில், கப்பலின் பெரும்பகுதி மாறிய பின்னரும் அதனை அதே கப்பல் என மனிதர் கருதுவது, அதன் உறுப்புகள் யாவும் பொதுவான ஒரு பயனை நோக்கி நிற்பதனாலேயே என விளக்கினார்.

இக்கருத்துகளின் ஒளியில், உற்பத்தியாளர் வழியாக விற்கப்படும் உரிமங்கள் பற்றி மைக்ரோசொப்ட் நிறுவனம் தந்த விளக்கத்தை நோக்குவது பயனுடையது. தாய்ப்பலகையே கணினியின் இதயமும் ஆன்மாவும் போன்றது என அந்நிறுவனம் கொண்டது. ஆகவே கணினியைத் தரமுயர்த்தும் பொருட்டுத் தாய்ப்பலகையை மாற்றினால் அது புதிய கணினியாகும். பழைய உரிமம் அதற்குச் செல்லாது. ஆனால் பழுதுற்றமையால் மாற்றப்படின் புதிய உரிமம் வேண்டியதில்லை. இதனைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். இருவர் ஒரே நாளில், ஒரே வகைப் பலகையை அகற்றி, ஒரே வகைப் புதிய பலகையைப் பொருத்துகின்றனர். ஒருவருடைய பழைய பலகை எரிந்துபோயிற்று. மற்றவருடையது நன்றாகவே உள்ளது, அவர் விரைவை விரும்பினார். முதலாமவரின் கணினி அதே கணினி. இரண்டாமவருடையது வேறு கணினி. பொருளளவில் யாதொரு வேறுபாடும் இல்லாதிருக்க, செய்தவரின் காரணமே ஒருமையைத் தீர்மானிக்கின்றது.

இதனை முரண்பாடெனச் சிலர் எள்ளி நகையாடக்கூடும். உண்மையில் அவ்விதிவிலக்கிலேயே அறிவு பொதிந்துள்ளது. விபத்தினால் இழந்தவனை மேலும் இழக்கச் செய்தல் முறையன்று என்பதை அது ஏற்றுக்கொள்கின்றது. இங்குக் கருதப்படுவது உலோகமும் கம்பியுமன்று. மனிதர் இருவருக்கிடையேயுள்ள வாக்கு. ஒரு பிரதியை ஒரு வேளையில் ஒரு பொறியில் மட்டும் பயன்படுத்துவேன் என்பது வாங்கியவரின் வாக்கு. அதனைத் தடையின்றிப் பயன்படுத்த விடுவேன் என்பது விற்றவரின் வாக்கு. கணினியின் ஒருமை என்னும் வினா, இவ்வாக்கு காக்கப்பட்டதா என்னும் வினாவுக்குத் துணையாக வருவதேயன்றித் தனக்கெனப் பொருளுடையதன்று. இதனை ஒப்புக்கொண்டால், உறுப்புகளை எண்ணுவது வாக்கு மீறப்பட்டதோ என ஐயுறுவதற்கு ஒரு சான்று மட்டுமே என்பதும் பெறப்படும்.

சான்றையும் சான்றால் அறியப்படும் பொருளையும் ஒன்றெனக் கொள்வதே இந்நடைமுறையின் அடிப்படைக் குறை. கைரேகை மனிதனை அறிய உதவும். ஆனால் கைரேகையே மனிதனன்று. எக்ஸ்பி காலத்தில் இணையத்தின் வழியாகச் செயற்படுத்த இயலாதவர் தொலைபேசியில் நிறுவனத்தின் அலுவலரோடு பேச முடிந்தது. இப்பிரதி எத்தனை கணினிகளில் நிறுவப்பட்டுள்ளது என அவர் கேட்பது வழக்கம். ஒன்றில் மட்டுமே என்றும், உறுப்புப் பழுதுற்றமையால் மாற்றினேன் என்றும் பயனர் கூறின், புதிய எண்ணொன்று வழங்கப்படும். பொறி கேட்டது எத்தனை உறுப்புகள் மாறின என்று; மனிதர் கேட்டது எத்தனை கணினிகள் என்று. அறத்தின்பாற்பட்ட வினா பின்னதே. பயனர் பொய் கூறவும் கூடும். எனினும் ஒருவரைக் கேட்டறிந்து நம்புவதும், கேளாமலே ஐயுறுவதும் ஒன்றாகா.

இவ்விடத்து எதிர்வாதமொன்று எழும். வாங்கியவர் ஒப்பந்த விதிகளை ஏற்றுக்கொண்டே வாங்கினார். பலகையோடு உரிமம் ஒழியும் என்பது விதியாயின், பின்னர் முறையிடுவது தகாது என்பர். மேலும், உற்பத்தியாளர் வழி உரிமம் தனியே வாங்கும் உரிமத்திலும் விலை குறைந்தது. குறைந்த விலைக்குக் குறைந்த உரிமை என்பது அநீதியாகுமா எனவும் வினவுவர். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. விலை குறைவென்பதை அறிந்து, உரிமையும் குறைவென்பதையும் அறிந்து ஒருவர் வாங்கியிருப்பின் அவருக்குத் தீங்கிழைக்கப்பட்டதாகக் கூறல் கடினம். ஆனால் கணினியை வாங்குவோரிற் பெரும்பாலார் தாம் இரு பண்டங்களை வாங்குவதாகவே அறியார். விதிகளை எழுதுபவரும், அவற்றுக்குப் பொருள் கூறுபவரும், மீறப்பட்டதெனத் தீர்ப்பளிப்பவரும், தண்டனையை நிறைவேற்றுபவரும் ஒருவராகவே இருக்கும் ஒப்பந்தத்தில் இசைவு என்னும் சொல் தன் வலுவிற் பெரும்பகுதியை இழந்துவிடுகின்றது.

இவ்விதிகள் மாற்றமுடியாதனவும் அல்ல. விண்டோஸ் விஸ்டாவுக்கென 2006 ஒக்டோபரில் வெளியான விதிகள், தனியே வாங்கிய உரிமத்தை வேறொரு கணினிக்கு ஒரு முறை மட்டுமே மாற்றலாம் என்றன. தாமே கணினிகளை அமைத்துக்கொள்வோர் இதனைக் கண்டித்தனர். அடுத்த மாதமே அவ்விதி திருத்தப்பட்டது. முன்னைய கணினியிலிருந்து நீக்கிவிட்டால் வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றாயிற்று. எண்ணிக்கையைக் கைவிட்டு, ஒரு வேளையில் ஒன்று என்னும் வாக்கை முதன்மைப்படுத்திய திருத்தம் அது.

நீதிமன்றங்களும் இவ்விடயத்தில் ஒருமித்த கருத்துடையன அல்ல. புதிய கணினியோடு மட்டுமே விற்கப்பட வேண்டுமென்ற நிபந்தனையுடன் புழக்கத்துக்கு விடப்பட்ட பிரதியை ஒருவர் தனியே விற்பதை மைக்ரோசொப்ட் நிறுவனம் தடுக்கவியலாது என ஜேர்மனியின் உயர் நீதிமன்றம் 2000 யூலையில் தீர்ப்பளித்தது. காலவரையறையற்ற உரிமத்தை விலைக்குக் கொடுத்தவர் அப்பிரதியின் மறுவிற்பனையைத் தடுக்க முடியாதென்றும், விற்பவர் தம்மிடமுள்ள பிரதியைப் பயன்படாதவாறு செய்துவிட வேண்டுமென்றும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் ஒராக்கிள் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2012 யூலை 3ஆந் திகதி கூறியது. மாறாக, அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம், ஓட்டோடெஸ்க் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், கடும் கட்டுப்பாடுகளுடன் உரிமம் பெற்றவர் பிரதியின் உடைமையாளர் அல்லர் என 2010 செப்டெம்பரில் தீர்த்தது. ஒரே செயலுக்கு ஒரு கரையில் உடைமை என்னும் பெயரும் மறுகரையில் அனுமதி என்னும் பெயரும் வழங்குகின்றன. சட்டம் இவ்வாறு தயங்கி நிற்குமிடத்தில் பொறி மட்டும் தயக்கமின்றித் தீர்ப்பளிக்கின்றது.

பிற்காலத்தில் நிலைமை ஓரளவு மாறிற்று. 2016 ஓகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் 10இன் புதிய பதிப்பில், எண்ணிம உரிமத்தைப் பயனரின் மைக்ரோசொப்ட் கணக்கோடு இணைத்துக்கொள்ளும் வழி ஏற்படுத்தப்பட்டது. தாய்ப்பலகை மாறிய பின்னர், வன்பொருளை அண்மையில் மாற்றினேன் எனத் தெரிவித்து, தமது கணக்கினூடே பழைய சாதனத்தைச் சுட்டிக்காட்டிப் பயனர் உரிமத்தை மீளக்கோரலாம். இக்கோரிக்கைக்கும் எல்லைகள் உண்டு. ஜோன் லொக் 1694ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலின் இரண்டாம் பதிப்பில், உடலின் தொடர்ச்சியைக் கொண்டன்றி உணர்வின் தொடர்ச்சியைக் கொண்டே ஓர் ஆளின் ஒருமை அமையுமென வாதிட்டதோடு, ஆள் என்பது செயல்களையும் பொறுப்பையும் ஒருவருக்கு உரியதாக்கும் நீதிமுறைச் சொல் எனவும் கொண்டார். உரிமமும் அவ்வாறே பொறியின் உடலை விட்டு ஆளை நோக்கி நகர்ந்தது எனலாம்.

இந்நகர்வு நேரிய திசையிலானதே. வாக்குக் கொடுத்தது மனிதராதலின் உரிமமும் மனிதரைத் தொடர்தலே முறை. ஆயினும் இதற்கும் ஒரு விலையுண்டு. முன்னர்த் தம்மை இன்னாரென்று அறிவிக்காமலே கணினியைப் பயன்படுத்தியவர், இப்போது தமது உரிமத்தைக் காத்துக்கொள்ளத் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டியவராகின்றார். அன்றியும், கணக்கும் ஆளன்று. அதுவும் ஒரு சான்றே. கடவுச்சொல்லை மறந்தவரும் கணக்கை இழந்தவரும் தாம் தாமே என நிறுவ முடியாமல் நிற்கின்றனர். பலகைக்கு நேர்ந்த இடர் இப்போது பெயருக்கு நேர்கின்றது.

கணினி உரிமத்தோடு இது நின்றுவிடுமாயின் இவ்வளவு நீள ஆராய வேண்டியதில்லை. ஆனால் அளக்கக்கூடிய கூறுகளைக் கொண்டு ஒருமையைத் தீர்மானித்து, அதனடிப்படையில் உரிமையைக் கொடுக்கவும் மறுக்கவும் செய்யும் இதே முறை இன்று மனிதர்மீதும் செலுத்தப்படுகின்றது. இந்தியாவில் ஆதார் அடையாள முறையின்கீழ்ப் பங்கீட்டுக் கடைகள் பலவற்றில் விரல்ரேகையைக் கொண்டு ஆளை உறுதிசெய்த பின்னரே அரிசி வழங்கப்படுகின்றது. மண்வெட்டியும் கல்லும் பிடித்து ரேகை தேய்ந்த உழைப்பாளிகளையும் முதியோரையும் அப்பொறி சிலவேளை அறிந்துகொள்வதில்லை. இவ்வாறு உறுதிசெய்ய முடியாமற்போவதனால் உரியவர் எவருக்கும் நலன்கள் மறுக்கப்படலாகாது என்பதை இந்திய உயர்நீதிமன்றம் 2018 செப்டெம்பரில் அளித்த தீர்ப்பிலும் வலியுறுத்த வேண்டியிருந்தது. உழைப்பினால் மாறிய கை வேறொருவருடைய கையாகிவிடுவதில்லை. அதனை அறிய இயலாமை கருவியின் குறை; அதன் துன்பத்தை அனுபவிப்பவரோ கைக்குரியவர்.

எனவே, எத்தனை உறுப்புகள் மாறினால் பொருள் வேறாகும் என்னும் வினாவுக்கு எண்ணிக்கையால் விடை காணமுடியாது. நான்கு என்பதும் ஆறு என்பதும் வசதிக்காக இடப்பட்ட எல்லைகள். எல்லையிடுவதில் தவறில்லை, எல்லையின்றி எந்நடைமுறையும் இயங்காது. ஆனால் தாமிட்ட எல்லை பொருளின் இயல்பன்று, தமது முடிவே என்பதை இட்டவர் மறவாதிருத்தல் வேண்டும். ஒருமை நோக்கத்தைச் சார்ந்ததாயின், அதனைத் தீர்மானிக்கும் அதிகாரமுடையோருக்கு மற்றவருடைய நோக்கத்தைக் கேட்டறியும் கடமையும் உண்டு. மறுப்பதற்கு முன் காரணம் கேட்டல், ஐயத்தின் பயனை வாங்கியவருக்கு அளித்தல், முறையிடுவதற்கு மனிதரொருவரை வைத்திருத்தல் ஆகிய மூன்றும் அக்கடமையின் குறைந்தபட்ச வடிவங்கள்.

எரிந்துபோன பலகையை மாற்றிவிட்டுத் தமது பழைய மேசையில் மீண்டும் அமரும் ஒருவருக்கு, அது தமது கணினியே என்பதில் ஐயமில்லை. அவருடைய உறுதி மட்டும் போதிய சான்றாகாது என்பது உண்மையே. ஆயினும் அவரைக் கேளாமலே பெறப்படும் எந்தச் சான்றும் போதியதாகாது.